‘மந்தம்’ என்று தேடினால் என்ன கிடைக்கிறது? தமிழ் அகராதிகள் பற்றி ஒரு மதிப்பீடு

கடையில் வியாபாரம் மந்தம். ராத்திரி சாப்பிட்ட பரோட்டாவால் வயிறு மந்தம். தாத்தாவுக்குக் காது மந்தம். காலை பத்து மணி வரை வாக்குப்பதிவு மந்தம். ஆர்கான் ஒரு மந்த வாயு. ஐந்து இடத்திலும் சொல் ஒன்றுதான், ஆனால் ஒன்றின் பொருளை எடுத்து இன்னொன்றில் வைக்க முடியாது. ‘வயிறு சோம்பலாக இருக்கிறது’ என்று யாரும் சொல்வதில்லை. ‘காது தாமதம்’ என்றால் கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. ‘மந்தம்: சோம்பல், தாமதம்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும் அகராதி, சொல்லைத் தெரிந்தவருக்கு நினைவூட்டுமே தவிர, தெரியாதவருக்கு எதையும் கற்றுத் தராது.

அகராதிகளைச் சோதிக்க இந்தச் சொல் பொருத்தமானது. இது பழைய சொல், இன்றும் பத்திரிகையிலும் வீட்டிலும் புழங்குகிறது. வடமொழி வழியாக வந்தது, ஆனாலும் பேச்சில் ஊறிவிட்டது. சோதிடம், மருத்துவம், வேதியியல், பொருளாதாரம் என்று நான்கு துறைகளில் நான்கு வேலை பார்க்கிறது. அதோடு மடி, மெத்தனம், அசமந்தம், மசமச, சுணக்கம், பஞ்சி என்று ஒரு பெரிய சொந்தக் கூட்டமே இதற்கு உண்டு. எந்த அகராதி இவற்றை எப்படிக் கையாளுகிறது, எங்கே தவறவிடுகிறது, எப்படித் தேடினால் கிடைக்கும் என்பதே இந்த மதிப்பீடு.

சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி (இணையப் பதிப்பு)

1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939-இல் ஓர் அநுபந்தத்தோடும் வெளிவந்தது. 1926 முதல் பதிப்பாசிரியராக இருந்து முடித்தவர் ச. வையாபுரிப்பிள்ளை. தலைச்சொற்கள் லட்சத்தைத் தாண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின் அகராதித் தொகுப்பில் முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, விளம்பரமும் கிடையாது. தமிழில் இதைவிடப் பெரிய இலவச உதவி இல்லை என்றே சொல்லலாம்.

பதிவின் அமைப்பு தெரிந்தால்தான் பயன் கிடைக்கும். முதலில் தமிழ்த் தலைச்சொல், அடுத்து ரோமன் எழுத்துப்பெயர்ப்பு, பிறகு சொல்லின் இனம், பிறமொழி மூலம் இருந்தால் அது. ‘மந்தம்’ என்பதை வடமொழி ‘மந்த’ என்பதோடு இணைத்திருப்பார்கள். அதற்குப் பிறகு எண் போட்ட பொருள்கள். ஒவ்வொன்றிலும் முதலில் ஆங்கில விளக்கம், பின் தமிழ் விளக்கம், அதன்பின் அடைப்புக்குறியில் சான்று. அந்த அடைப்புக்குறியைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போகக் கூடாது. (பிங்.) என்றால் பிங்கல நிகண்டு, (திவா.) என்றால் திவாகரம். இரண்டும் ஒரு பொருளுக்குரிய பல சொற்களைச் செய்யுளில் தொகுத்த பழைய நிகண்டுகள். நிகண்டு மட்டுமே சான்றாக இருக்கும் பொருளை இன்றைய கட்டுரையில் போட்டால் படிப்பவர் திகைப்பார். ஆங்கில ‘ஜே’ எழுத்து மட்டும் இருந்தால் அது யாழ்ப்பாண வழக்கு.

தேடும்போது பலரும் வழுக்கும் இடம் எழுத்துப்பெயர்ப்பு. இந்த அகராதி ஒலியைப் பார்த்து எழுதுவதில்லை, எழுத்தைப் பார்த்து எழுதுகிறது. ‘அசமந்தம்’ என்பதை நாம் பேசுகிறபடி ஆங்கிலத்தில் ‘எஸ்’, ‘டி-எச்’ எல்லாம் போட்டுத் தட்டினால் ஒன்றும் வராது. ச எப்போதும் ‘சி’, த எப்போதும் ‘டி’ (கோடு, புள்ளி இல்லாதது), ட என்றால் கீழே புள்ளி வைத்த ‘டி’. இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் தமிழ் எழுத்திலேயே தேடலாம். ஆனால் அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ‘மந்த’ என்று மூன்று எழுத்தை மட்டும் தட்டி ‘இதில் தொடங்கும் சொற்கள்’ என்று கேட்டால் மந்தி, மந்திரம், மந்திரி, மந்தை எல்லாம் வந்து குவியும். கணினிக்கு ‘தி’ என்பது ‘த’வும் அதன்மேல் ஒரு குறியும்தான், ஆகவே ‘மந்த’ என்பது ‘மந்தி’யின் முற்பகுதி ஆகிவிடுகிறது. மந்திரத்தின் கூட்டுச்சொற்களே பட்டியலை நிரப்பிவிடும். ரோமன் எழுத்தில் அதே மூன்று எழுத்தின் நிகரைத் தேடினால் மந்தியும் மந்திரமும் கழன்றுவிடும். மந்தை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும், அதன் கடைசி ‘ஐ’ ரோமனில் ‘ஏ’யில் தொடங்குவதால். ஒருவகையில் இது பொருத்தமே. சென்னை மந்தைவெளியைப் பேச்சில் ‘மந்தவெளி’ ஆக்கிவிட்டு, மந்தமான வெளி என்று பொருள் சொல்கிறவர்களுக்கு, அது மாடு மேய்ந்த மந்தையின் வெளி என்று அந்தப் பதிவே திருத்திச் சொல்லும்.

அச்சுப் பிரதியைப் புரட்டுகிறவர்கள் ‘மந்தம்’ என்ற ஓரிடத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடக் கூடாது. அகரவரிசையில் க, ப எல்லாம் ம்-க்கு முன்னால் வருவதால் மந்தகதி, மந்தகாசம், மந்தபுத்தி போன்றவை மந்தத்துக்கு முந்தியே போய்விடும். மந்தமாருதம், மந்தவாரம், மந்தன் பின்னால் வரும். இரண்டு பக்கமும் பார்த்தால்தான் சொல்லின் முழு உருவம் கிடைக்கும். அப்படிப் பார்க்கும்போது தெரியும் முக்கியமான உண்மை, மந்தம் என்பது எல்லா இடத்திலும் குறை அல்ல. மந்தமாருதம் இதமான தென்றல். மந்தகாசம் புன்முறுவல். வேகம் குறைந்தது என்பது அங்கே மென்மை. வயிற்றுக்கும் வியாபாரத்துக்கும் வரும்போதுதான் அது குறையாகிறது. ‘மந்தமான காற்று’ என்று இன்று எழுதினால் வாசகருக்குப் புழுக்கமே நினைவுக்கு வரும், தென்றல் வராது. தனியாக நிற்கும்போது சொல் கறுத்துவிட்டது, பழைய கூட்டுச்சொற்களுக்குள் மட்டும் வெளுப்பாக இருக்கிறது.

மந்தன் என்றால் சனி. மந்தவாரம் சனிக்கிழமை. ஏன் என்றால், வெறுங்கண்ணுக்குத் தெரிந்த கோள்களில் வானத்தை மிக மெதுவாகச் சுற்றுவது அதுதான். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இருபத்தொன்பதரை ஆண்டு. பன்னிரண்டு ராசிக்கு வகுத்தால் ராசிக்கு ஏறக்குறைய இரண்டரை ஆண்டு, சனிப்பெயர்ச்சியின் கணக்கு அதுவே. ‘சனீஸ்வரன்’ என்று நாம் கும்பிடும் பெயரும் ‘சனைச்சரன்’ என்பதன் திரிபு. சனை என்றால் மெல்ல, சரன் என்றால் செல்பவன். ஈஸ்வரப் பட்டம் அதில் இல்லை. ஆக, தமிழில் உச்சபட்ச மந்தத்துக்கு ஒரு கோளே பெயர் சுமந்து நிற்கிறது. பேரகராதியில் ஒரு சொல்லிலிருந்து அடுத்ததற்குத் தாவித்தாவிப் போனால்தான் இந்தத் தொடர்பு பிடிபடும். தானாக எதையும் இணைத்துக் காட்டாது. அச்சில் 1936-இல் முடிந்த நூலிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

தேடலில் இன்னொரு வழி இருக்கிறது, பலரும் அதைத் தொடுவதே இல்லை. தலைச்சொல்லில் மட்டும் தேடாமல், பதிவின் முழு உரையிலும் தேடலாம். முழு உரைத் தேடலில் ‘சோம்பல்’ அல்லது ‘சோம்பு’ என்று போட்டால், தமிழ் விளக்கத்தில் அந்தச் சொல் வரும் தலைச்சொற்கள் எல்லாம் வரிசையாக வரும். சோம்பலுக்கு ஆங்கிலத்தில் புழங்கும் சொற்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பதிப்பாசிரியர்கள் ஒரே பொருளுக்கு இடத்துக்கு இடம் வேறு ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அரை மணி நேரத்தில் ஒரு நிகண்டே கையில் இருக்கும். மொழிபெயர்ப்பாளர்களுக்கும் கவிதை எழுதுகிறவர்களுக்கும் இந்த ஒரு வசதிக்காகவே இந்தத் தளத்தைப் பரிந்துரைக்கலாம்.

பழைய இலக்கியம் படிக்கிறவருக்குப் பேரகராதி இல்லாமல் முடியாது என்பதற்கு ‘தூங்கு’ ஒன்றே போதும். குறள் 672 ‘தூங்குக தூங்கிச் செயற்பால’ என்கிறது. இன்றைய பொருளில் படித்தால் வள்ளுவர் வேலை நேரத்தில் உறங்கச் சொல்வதாக ஆகிவிடும். அங்கே தூங்குதல் என்றால் காலம் தாழ்த்துதல். பொறுத்துச் செய்ய வேண்டியதைப் பொறுத்துச் செய், பொறுக்கக் கூடாததில் பொறுக்காதே என்பது கருத்து. குறள் 383-இல் ஆள்பவர்க்கு வேண்டிய மூன்றில் முதலாவதாக வரும் ‘தூங்காமை’யும் அதே. தொங்குவது என்ற பொருளும் இந்த வினைக்கு உண்டு, தூங்கணாங்குருவியின் கூடு தொங்குவதை நினைத்தால் விளங்கும். ஓரிடத்தில் தொங்கிக்கொண்டே இருப்பது, நகராமல் இருப்பது, கண்ணயர்வது எல்லாம் ஒரே சொல்லில் கோத்திருக்கின்றன. ‘ஃபைல் மேசையில தூங்குது’ என்று அலுவலக வாசலில் நிற்பவர் சொல்லும்போது அவர் புது உவமை எதுவும் சொல்லவில்லை, வள்ளுவர் காலத்துப் பொருள்தான் அவர் வாயில் இருக்கிறது.

வினைச்சொற்களைத் தேடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேரகராதியில் வினை ‘சோம்பு-தல்’, ‘தூங்கு-தல்’ என்று தொழிற்பெயர் ஈற்றோடு நிற்கும். ‘சோம்பி’, ‘தூங்கிய’ என்று உரையில் உள்ளபடியே தட்டினால் வெறும் பக்கம் வரும். ஆக, ஆன போன்ற ஈறுகளையும் வெட்டிவிட வேண்டும். ‘மந்தமாக’ என்று தேடாமல் ‘மந்தம்’ என்று தேட வேண்டும். ஒரே உருவத்தில் பல சொற்கள் இருந்தால் தலைச்சொல்லின் மேல் சிறு எண் இருக்கும். ‘மடி’ அப்படிப்பட்டது. பசுவின் மடி, அம்மாவின் மடி, ஆசாரமான மடி, சோம்பலான மடி, மடிந்துபோகும் மடி என்று பதிவுகள் விரியும். குறள் 603-இல் சோம்பலும் அழிவும் ஒரே ‘மடி’யால் சொல்லப்படுகின்றன. முதல் பதிவில் கண்ட பொருளோடு நிறுத்திக்கொண்டால் அந்தக் குறளே குழம்பிவிடும். மடியின்மை என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே (61) வைத்தார். இன்றைய பேச்சில் அந்தப் பொருளில் ‘மடி’ புழங்குவதில்லை. பேரகராதி அதைச் சொல்லாது. எது வழக்கில் இருக்கிறது, எது செத்துவிட்டது என்ற குறிப்பு இல்லாததே இதன் மிகப் பெரிய குறை.

அடுத்த குறை காலம். 1939-க்குப் பின் வந்தது இதில் இருக்காது. 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதாரச் சரிவுக்கு இன்று நாம் சொல்லும் ‘பெருமந்தம்’, செய்தித்தாளின் ‘மந்தநிலை’, பள்ளிப் பாடத்தின் ‘மந்த வாயு’ ஆகியவற்றுக்கு வேறு இடம் போக வேண்டும்.

க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி

அந்த வேறு இடம் இதுதான். முதல் பதிப்பு 1992, விரிவாக்கப்பட்ட இரண்டாம் பதிப்பு 2008, மூன்றாம் பதிப்பு 2020. க்ரியா பதிப்பகத்தின் எஸ். ராமகிருஷ்ணன் மூன்றாம் பதிப்பு வந்த அதே மாதம் காலமானார். தலைச்சொல் எண்ணிக்கையில் பேரகராதிக்குப் பக்கத்தில்கூட வராது. வரவும் தேவையில்லை, ஏனென்றால் இன்று எழுத்திலும் பேச்சிலும் வாழும் சொற்களை மட்டுமே எடுத்துக்கொண்டது இது.

மந்தம் போன்ற சொல்லுக்கு இது ஏன் உயர்ந்தது என்றால், பொருளைச் சொல்வதற்கு முன் ‘எதைக் குறித்து’ என்று அடைப்புக்குறியில் சொல்லும் பழக்கம் இதற்கு உண்டு. செயலைக் குறித்தா, வளர்ச்சியைக் குறித்தா, உடலைக் குறித்தா என்று பிரித்துக்கொண்ட பிறகே விளக்கம் தொடங்கும். விளக்கம் தனிச்சொற்களின் அடுக்காக இல்லாமல் தொடராக வரும். பிறகு ஆங்கில நிகர், பிறகு எடுத்துக்காட்டு வாக்கியம். சோம்பல், சுணக்கம், தொய்வு, மெத்தனம், மந்தம் ஆகிய ஐந்தும் ஒன்றுக்கொன்று மாற்றாக வைக்கக் கூடியவை அல்ல என்று ஒரு மாணவருக்குப் புரியவைக்க அந்த எடுத்துக்காட்டு வாக்கியங்களே போதும்.

இந்த ஐந்தின் வேறுபாட்டைக் கொஞ்சம் விரித்துச் சொல்வது பயன்படும், எந்த அகராதியும் இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவதில்லை. சோம்பல் உயிருள்ளவர்க்கே உரியது. அதில் ‘செய்ய மனமில்லை’ என்ற உட்பொருள் இருக்கிறது. மந்தத்தில் மனம் சம்பந்தப்படாது. வயிறோ காதோ சந்தையோ விரும்பி மந்தமாவதில்லை. மெத்தனம் கடமை உள்ளவருக்கு மட்டும் வரும் குற்றச்சாட்டு. மெத்தென்று இருப்பது என்ற மென்மையிலிருந்து கிளம்பிய சொல், இன்று ‘அதிகாரிகள் மெத்தனம்’ என்ற தலைப்பில்தான் அதிகம் தென்படுகிறது. வேகமாகச் செய்ய முடியும், செய்ய வேண்டிய பொறுப்பும் உண்டு, ஆனாலும் அசட்டையாக இருக்கிறார் என்றால்தான் மெத்தனம். ஆறு வயதுக் குழந்தை வீட்டுப்பாடத்தைத் தள்ளிப்போட்டால் அதை மெத்தனம் என்பது பொருந்தாது. சுணக்கம் ஓடிக்கொண்டிருந்த வேலையில் விழும் இடைவெளி. ‘பணிகளில் சுணக்கம்’ என்றால் வேலை தொடங்கிவிட்டது என்று பொருள், தொடங்காத வேலையில் சுணக்கம் கிடையாது. தொய்வு, இழுத்துக் கட்டிய கயிறு தளர்வது போன்றது. முன்பு விறுவிறுப்பு இருந்தது, இப்போது இல்லை. கதையில் தொய்வு வரும், கதையில் மெத்தனம் வராது.

க்ரியாவின் இன்னொரு பலம் வழக்குக் குறிகள். (பே.வ.) பேச்சு வழக்கு, (வ.வ.) வட்டார வழக்கு, (உ.வ.) உயர் வழக்கு, (அ.வ.) அருகிவரும் வழக்கு, (இலங்.) இலங்கை வழக்கு. ‘பஞ்சியாக் கிடக்கு’ என்று யாழ்ப்பாணத்தார் சொன்னால் மதுரைக்காரருக்குப் பஞ்சு நினைவுக்கு வரும். சோம்பலாக இருக்கிறது என்பதே அதன் பொருள். ‘சுணங்கிப் போச்சு’ என்பது அங்கே ‘லேட் ஆயிடுச்சு’ என்பதற்கு அன்றாடச் சொல். இங்கேயோ ‘சுணக்கம்’ செய்தித்தாள் நடையாகிவிட்டது. ஈழத்துக் கதைகளைப் படிக்கிறவருக்கு அந்த (இலங்.) குறி பெரிய துணை.

குறை இல்லாமல் இல்லை. ‘எப்படி வந்தது’ என்ற கேள்விக்கு இங்கே விடை கிடையாது, வேர் சொல்லும் அகராதி அல்ல இது. பேச்சின் அடி ஆழத்தில் உள்ள சொற்களைப் பிடிக்க எந்த ஒரு தொகுதியாலும் முடியாது. ‘அவன் ஒரு அசமந்தம்’, ‘கொஞ்சம் அசமந்தமா இருந்தா சட்டியைத் தூக்கிட்டுப் போயிடுவான்’ என்ற இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். முதலாவதில் அது ஆளைக் குறிக்கும் பெயர், இயல்பே அப்படி. இரண்டாவதில் அந்த நேரத்துக் கவனக்குறைவு, ஆள் மற்ற நேரங்களில் சூட்டிகையாகவே இருக்கலாம். முன்னால் உள்ள ‘அ’வைப் பார்த்து ‘மந்தம் இல்லாதது’ என்று எண்ணக் கூடாது. மந்தத்தைவிட ஒரு படி கூடிய மந்தம் இது. ‘மசமசன்னு நிக்காதே’ என்பதைத் தேடும்போது ‘ன்னு’வையும் ‘வென்று’வையும் நீக்கி ‘மசமச’ என்ற அடிக்குப் போக வேண்டும். இரட்டைக்கிளவி என்பதால் ‘மச’ என்று பாதியாக வெட்டினால் கிடைக்காது.

வின்சுலோ, பப்ரிசியசு

வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதி (1862) யாழ்ப்பாணத்தில் கிறித்தவ மிஷனரிகள் திரட்டிய தொகுப்பின்மேல் எழுந்தது. ஈழத்துப் பேச்சுவழக்கு அதில் இயல்பாகவே அதிகம். 1779-இல் முதலில் வந்த பப்ரிசியசின் தமிழ்-ஆங்கில அகராதி, பின்னால் பல பதிப்புகள் கண்டு, 1972-இன் நான்காம் பதிப்பு இணையத்தில் கிடைக்கிறது. இரண்டும் தலைச்சொல்லுக்கு அடியிலேயே கூட்டுச்சொற்களை அடுக்கும் முறை கொண்டவை. மந்தத்தின் குடும்பத்தை ஒரே கண்ணோட்டத்தில் பார்க்க இது வசதி. தமிழ் விளக்கம் வேண்டும் என்பவருக்குப் பயன் குறைவு, விளக்கம் ஆங்கிலத்தில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடிதம், பத்திரம் படிக்கும்போது எடுங்கள், மற்ற நேரத்தில் தேவைப்படாது.

பாவாணர் தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலி (பணி தொடங்கியது 1974-இல், 12 மடலங்கள், 31 பகுதிகள்) வடசொல் என்று பல்கலைக்கழகப் பேரகராதி குறித்தவற்றுக்கும் தமிழ் வேர் தேடும் கொள்கை உடையது. மூலம் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு எழுத வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்து ‘இது தமிழ்தான்’, ‘இது வடமொழிதான்’ என்று அடித்துப் பேசுவது நல்லதல்ல.

விக்சனரியும் மொழிபெயர்ப்பு இயந்திரமும்

தமிழ் விக்சனரியில் மூன்று லட்சத்துக்கு மேல் பதிவுகள். பெரும்பாலானவை தானியங்கி நிரலால் ஏற்றப்பட்டவை, ஆகவே ஒரு சொல்லும் அதற்கொரு நிகரும் மட்டும் நிற்கும் வெற்றுப் பக்கங்கள் ஏராளம். கலைச்சொல் தேட நல்லது. மந்தத்தின் வாழ்வைத் தேட உதவாது. பக்கத்தின் ‘வரலாறு’ இணைப்பைத் தட்டிப் பாருங்கள். மனிதர்கள் கைவைத்துத் திருத்திய பக்கம் என்றால் எடுத்துக்காட்டும் இலக்கிய வரியும் இருக்க வாய்ப்பு உண்டு.

இயந்திர மொழிபெயர்ப்புதான் இன்று அதிகத் தவறுகளை ஊருக்குள் விடுகிறது. ஆங்கில ‘ஸ்லக்கிஷ்’ வந்த இடமெல்லாம் ‘மந்தமான’ என்று போட்டுவிடுகிறது. ‘மந்தமான இணையம்’, ‘மந்தமான இயந்திரம்’, ‘மந்தமான மென்பொருள்’. தமிழர் அப்படிப் பேசுவதில்லை. நெட் ‘ஸ்லோ’வாக இருக்கும், அல்லது சுத்திக்கிட்டே இருக்கும். கணினி ‘ஹேங்’ ஆகும். பைக்குக்குப் ‘பிக்கப்’ இருக்காது. மேடு ஏறாமல் வண்டி திணறும். மனு ‘கிடப்பில்’ கிடக்கும், வழக்கு ‘இழுத்தடிக்கும்’. எவ்வளவு சொல்லியும் அசையாதவரைப் பார்த்து ‘எருமை மாட்டு மேல மழை பெஞ்ச மாதிரி’ என்பார்கள், வேலை நடக்கும் இடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பவர் ‘பிடிச்சு வச்ச பிள்ளையார்’. ‘மந்தமான ஓட்டுநர்’ என்று ஓர் இயந்திரம் எழுதினால், வண்டியை மெதுவாக ஓட்டுபவர் என்று தமிழ் வாசகர் புரிந்துகொள்ள மாட்டார். அறிவு குறைந்தவர் என்றே எடுத்துக்கொள்வார், அது வசையாகிவிடும்.

இந்த இடத்தில் எல்லா அகராதிகளின் மீதும் ஒரு குறை சொல்லியாக வேண்டும். ‘மந்தபுத்தி’, ‘மந்தன்’ போன்றவற்றை மனிதர்மேல் ஏற்றும்போது அவை புண்படுத்தும் சொற்கள். பழைய அகராதிகளுக்கு அந்த உணர்வு இல்லை, பொருளை மட்டும் சொல்லி நகர்ந்துவிடும். 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்குப் பிறகு அரசு எழுத்திலும் பள்ளி எழுத்திலும் ‘அறிவுசார் குறைபாடு’ என்பதே வழக்கு. ஆசிரியர்கள் மாணவர் பதிவேட்டில் ‘மந்தம்’ என்று எழுதும் பழக்கத்தை விட வேண்டும். ‘காது மந்தம்’ அந்த அளவுக்குக் காயப்படுத்துவதில்லை, முதியவர்களே தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வது அது. அலுவல் எழுத்தில் ‘செவித்திறன் குறைபாடு’ என்று எழுதலாம்.

மருத்துவச் சொல்லிலும் கவனம் தேவை. பெரியவருக்கு வயிற்றில் வருவது மந்தம். கைக்குழந்தைக்குச் சொல்வது மாந்தம். தாய்ப்பால் செரிக்காமல் வருவதைப் பால் மாந்தம் என்பார்கள். ஒரு துணைக்கால் வேறுபாடு, ஆனால் தேடலில் இரண்டும் வேறு வேறு பதிவு. ‘வானம் மந்தாரமா இருக்கு’ என்பதில் வரும் மந்தாரம் மேகமூட்டம். பூவுக்கும் அதே பெயர் உண்டு என்பதால் முதலில் பூவின் பதிவுதான் கண்ணில் படும், அடுத்த எண்ணையும் பாருங்கள். இசையில் வரும் மந்திர ஸ்தாயி வேறு சொல், வடமொழியில் ‘மந்த்ர’. தாழ்ந்த குரலுக்கும் தளர்ந்த நடைக்கும் நெருக்கம் இருப்பதால் இரண்டையும் ஒன்றாக எண்ணத் தோன்றும்.

தேடும்போது வரும் எழுத்துச் சிக்கல்

எதைத் தட்டினாலும் ‘இல்லை’ என்று வந்தால் அகராதியைக் குறை சொல்வதற்கு முன் எழுத்தைச் சோதியுங்கள். பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பிலிருந்து வெட்டி ஒட்டினால் திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே வேறு குறிகள் இருக்கும். ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிவிட்டுத் தேட வேண்டும். ‘மௌனம்’ போன்ற சொற்களில் ஔகாரக் குறிக்குப் பதில் ‘ெ’யும் ‘ள’வும் போட்டு ‘மெளனம்’ என்று எழுதும் பிழை மிகப் பரவலானது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. கூட்டுச்சொல்லை இடைவெளி விட்டும் விடாமலும் இரண்டு முறை தேடுங்கள். ‘மந்த கதி’ கிடைக்காவிட்டால் ‘மந்தகதி’ கிடைக்கும்.

வாங்குவதானால் முதலில் க்ரியா. பள்ளி மாணவர், பத்திரிகையாளர், மொழிபெயர்ப்பாளர் எவருக்கும் அந்த ஒரு புத்தகம் மேசையில் இருந்தால் போதும், பேரகராதியை உலாவியில் ஒரு குறியிட்ட பக்கமாக வைத்துக்கொள்ளலாம். பழைய புத்தகக் கடையில் க்ரியாவை வாங்குகிறவர்கள் அட்டையைப் பார்த்து எடுத்துவிட வேண்டாம். பதிப்பு விவரம் உள்ள பக்கத்தில் 2008 அல்லது 2020 என்று இருக்கிறதா பாருங்கள். அந்தப் பக்கம் கிழிந்திருந்தால் உள்ளே நாலைந்து பக்கம் புரட்டி (இலங்.) என்ற குறி கண்ணில் படுகிறதா பாருங்கள். இலங்கை வழக்குகள் சேர்ந்தது இரண்டாம் பதிப்பில்தான்.